கருவியின் பெயர் கன்னியம்மா

வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, வியாசர்பாடி மைதானத்தில், கன்னியம்மா மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியிலிருந்து மூச்சுகூட வரவில்லை.

மைக்கை விரலால் தட்டினாள். ‘டொக்’ என்று சுத்தமாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற ரோசி அதை வாங்கி, "அலோ, அலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். பளிங்கு மாதிரி வந்தது. மறுபடி கன்னியம்மா வாங்கினாள். "தோழர்களே" என்றாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கம்பத்தில் மாட்டியிருந்த நாலு ஒலிபெருக்கியும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தன.

"இன்னாடி இது? என் வாய்ல மட்டும் பூட்டு போட்டுட்டானுங்களா?"

சுற்றி நின்ற நாற்பது பெண்களும் சிரித்தார்கள். மேடைக்குக் கீழே ஆபீஸ் பையோடு நின்ற அவள் மகள் வெண்மணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஒலிபெருக்கிக்குள் இருக்கிற சில்லைச் செய்த கம்பெனியில்தான் அவளுக்கு வேலை.

நகரத்தில் இரைச்சலைக் குறைக்கச் சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. பொது இடத்து ஒலிபெருக்கி எதுவானாலும் உள்ளே ‘தெளிவி’ என்கிற சில்லு இருக்க வேண்டும். கரகரப்பு, கிறீச்சல், உடைசல் எல்லாவற்றையும் அது வடிகட்டிவிடும். மிச்சத்தை அறுபத்தைந்து டெசிபலில், ஆஸ்பத்திரி லிஃப்ட் பேசுகிற மாதிரி, மென்மையாக வெளியே விடும். ஜனங்கள் அதற்குச் சல்லடை என்று பேர் வைத்திருந்தார்கள். சல்லடை இல்லாத மைக்செட்டைக் கட்டினால் செட்டும் போகும், கூட்டத்துக்குக் கொடுத்த அனுமதியும் போகும். கல்யாண மண்டபம், கோயில், ரயில் நிலையம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தவர்கள், மைதானத்துப் பழைய பாக்ஸ்களைக் கழற்றிப் புதுசு மாட்டியது போன வாரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு அதே மைதானத்தில் தூய்மைப் பணியாளர் சங்கத்தின் செயலாளர் தேர்தல். போட்டி ரெண்டே பேருக்குள். ஒருத்தி கன்னியம்மா. இன்னொருத்தன் தனசேகர், அவன் துடைப்பத்தைத் தொட்டுப் பத்து வருஷம் ஆகிறது, சட்டை மடிப்பு கலையாது. அவன் ஜெயித்தால், மூவாயிரம் பேரையும் காண்டிராக்டரிடம் தள்ளிவிடுகிற தாளில் கையெழுத்துப் போடுவான். நிரந்தர வேலை என்கிற பேச்சு அன்றோடு முடிந்தது. ஆளுக்குப் பத்து நிமிஷம், வேட்பாளர் சொந்த வாயால் மைக்கில் பேச வேண்டும், அப்புறம் கை தூக்கி ஓட்டு. மூவாயிரம் பேர் நிற்கிற இடத்தில் மைக் இல்லாமல் கத்துவதற்குக் கன்னியம்மாவின் தொண்டையில் இப்போது தெம்பு இல்லை.

"வுடுடி. ஊமை ஜாடை காட்டியாவது ஓட்டு வாங்கிக்கினு வந்துடறேன்."

"நீ சும்மா இரும்மா!" என்று வெண்மணி எரிந்து விழுந்தாள். கோபம் அம்மா மேல் இல்லை. யார் மேல் என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

மறுநாள் தெரிந்தது.

நாதசுத்தி ஆடியோ லேப்ஸின் கண்ணாடிக் கதவு குரலுக்குத்தான் திறக்கும். வெளியே நின்று பேரைச் சொல்ல வேண்டும். வெண்மணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது திறக்கவே இல்லை. ‘உச்சரிப்புத் தெளிவு போதாது’ என்று எழுதிக் காட்டியது. ஆறு வாரம் குரல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அம்மாள் அவள் தொண்டையை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, எலக்ட்ரானிக்ஸில் கல்லூரியிலேயே இரண்டாம் இடம், தன் பேரைச் சொல்லவே ஆறு வாரம் படித்தாள். அந்த ஆத்திரம் மூன்று வருஷமாக ஆறாமல் கிடக்கிறது.

அன்று அவளுக்குப் பின்னால் வந்த ஜெரால்டு வாயே திறக்கவில்லை. எஃபெக்ட்ஸ் பிரிவுக்காரர், பெரம்பூர், நாற்பத்தைந்து வயது. தோளில் தொங்கிய குட்டி கிட்டாரை ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளேயே ஸ்பீக்கர் வைத்த கிட்டார் அது. ‘கருவி அறியப்பட்டது. அனுமதி’ என்று கதவில் எழுத்து ஓடியது. சோதனைக்கு வருகிற வாத்தியங்களுக்காகப் போட்டு வைத்த வழி.

"கிட்டாருக்குத் திறக்குது, எனக்குத் திறக்க ஆறு வாரம்" என்றாள் வெண்மணி.

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டியாம்மா?"

அவள் தன் இருக்கைக்குப் போனாள். அவளுடைய வேலை கேட்பது. ஒரு கூடத்தில் இருபத்து நாலு பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ரெண்டு ரெண்டு வினாடித் துண்டாக வரும் ஒலிகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘கோளாறு’ அல்லது ‘நோக்கத்தோடு’ என்று போட வேண்டும்; கோளாறு என்றால் என்ன கோளாறு என்றும். புரியாவிட்டால் ‘தெரியவில்லை’. யார் பேசுகிறார்கள், எங்கே எடுத்தது எதுவும் தெரியாது. இப்படி லட்சக்கணக்கில் போட்ட முத்திரையிலிருந்துதான் சல்லடை பாடம் படித்தது.

போனில் இருந்த அம்மாவின் குரலைச் சோதனைப் பெட்டியில் போட்டு, எந்தப் பாடத்தை வைத்து இதை வெட்டுகிறாய் என்று கேட்டாள். ‘ஸ்பீக்கர் தாள் கிழிசல்’ என்று பதில் வந்தது. எந்தத் துண்டு என்று தோண்டினாள். மூன்று வருஷத்துக்கு முந்தின துண்டு. கேட்டவர் எண் பதினாலு.

பதினாலு அவள்தான்.

ஓடவிட்டாள். ரெண்டு வினாடி. ‘...ழர்ர்ர்களே.’ சேர்ந்த முதல் மாதம், ஒரு நாளைக்கு எண்ணூறு துண்டு கேட்ட காலம். அந்தக் கூடத்தில் மற்ற இருபத்து மூன்று பேரும் இந்த மாதிரித் துண்டுகளுக்கு ‘தெரியவில்லை’ என்று போட்டுத் தள்ளிவிட்டார்கள். தாள் கிழிந்த பாக்ஸ் எப்படி அதிரும் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? அவள் தெருவில்தான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிழிந்த பாக்ஸ் பாடும். அவள் ஒருத்திதான் நிச்சயமாக, அடித்துச் சொன்னாள். சில்லும் அவளையே நம்பியது.

நேராக ஜெரால்டின் அறைக்குப் போனாள். "சார், எங்கம்மாவை நான் கிழிஞ்ச ஸ்பீக்கர்னு எழுதி வெச்சிருக்கேன்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் கிட்டாரைக் கீழே வைத்தார். "முத்திரையை மாத்தினா இப்போ பிரயோஜனம் இல்லம்மா. டிகாக்ஷன் இறங்கிடுச்சு. இனிமே அதுல இருந்து தூளைத் தனியா எடுக்க முடியாது. சில்லுக்குத் திரும்பப் பாடம் நடத்த ஆறு மாசம் ஆகும்."

"எனக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. சரி, ஒண்ணு சொல்லுங்க. போன வாரம் பீச் கச்சேரியில ஒருத்தர் கிட்டார்ல கறகறன்னு அராஜகம் பண்ணாரு. சல்லடை அப்போ மட்டும் ஏன் வாயைப் பொத்திக்கிட்டு இருந்துச்சு?"

"அது பதிவேட்டுல இருக்கு. சட்டம் வந்தப்போ சினிமா கம்பெனிங்க எல்லாம் சண்டை போட்டு வாங்கினது. வேணும்னே உடைக்கிற ஒலிகளுக்கு ஒரு பட்டியல். சில்லு முதல்ல அதைத்தான் பார்க்கும். அதுல இருந்தா தொடாது." அவர் ஒரு தந்தியை மீட்டினார். திரையில் வழுவழுப்பான அலை ஒன்று ஓடியது. காலால் ஒரு பெட்டியை மிதித்தார். "ஆம்ப்ளிஃபையர் தாங்குறதுக்குக் கொஞ்சம் மேல தள்ளினா அலையோட தலை வளையும் பாரு. இது ஓவர்டிரைவ். இன்னும் தள்ளி, தலையை வெட்டியே விட்டா டிஸ்டார்ஷன். சதுரமா செதுக்கிட்டா ஃபஸ்; வாய்க்குள்ள வண்டு பூந்த மாதிரி. பழைய டேப்ல அளவுக்கு மேல பதிஞ்சா லேசா சூடேறின மாதிரி ஒரு சத்தம் வரும், அது சாச்சுரேஷன். ஒலியைப் படிக்கட்டு படிக்கட்டா உடைச்சா பிட் கிரஷர். எல்லாமே பழுதுதான். யாரோ ஒருத்தன் ஒரு நாள் உடைஞ்ச ஆம்ப்ல வாசிச்சு, நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டான். அவ்வளவுதான் கதை."

"ஓகோ. காசு குடுத்து வாங்கின கரகரப்பு கலை. குப்பை வண்டி பின்னாடி ஓடி, கத்திக் கத்தி வந்த கரகரப்பு கோளாறு."

"நான் அப்படிச் சொல்லலை."

"நீங்க சொல்லல. சில்லு சொல்லுது. அதுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பதிவேட்டுல ஒரு பேரைச் சேர்க்க என்னென்ன வேணும்? வரிசையா சொல்லுங்க."

வேண்டியது அதிகம் இல்லை. அரை மணி நேர ஒலிப்பதிவு. கருவியின் பேர். ஒலி எப்படி உண்டாகிறது என்று ஒரு குறிப்பு. குறிப்பின் கீழே, கூடத்தில் கேட்பவர் ஒருவரின் கையெழுத்து. அதை அவளே போடலாம். கடைசியாக ஒன்று: பிரிவுத் தலைவர் அதை இருநூறு துண்டுகளுக்கு நடுவில், என்னவென்றே தெரியாமல் கேட்டு ‘நோக்கத்தோடு’ என்று போட வேண்டும். ஒரு தரம் போட்டால் போட்டதுதான், திருத்த முடியாது. பட்டியல் மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லா ஒலிபெருக்கிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

பிரிவுத் தலைவர் பத்ரி. ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்து ஆம்ப் எந்த நாட்டுக்காரன் செய்தது என்று சொல்லிவிடுவார். கேன்டீன் மிக்ஸி சுருதி சேரவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பிய மனிதர்.

"தொலைஞ்சோம்" என்றாள் வெண்மணி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை கன்னியம்மா சங்கத்துச் சிவப்புப் புடவையில் வந்து இறங்கினாள். கதவு முன்னால் நின்று பேரைச் சொன்னாள். கதவு அசையவில்லை. ரெண்டாம் தரம் சொன்னாள். ‘இரைச்சல். சற்றுத் தள்ளி நிற்கவும்’ என்று எழுத்து ஓடியது.

"இன்னா எழுதிக்கீதுடி?"

"ஒண்ணுமில்ல, வாம்மா."

"நானும் அஞ்சாவது படிச்சவதான். தள்ளி நிக்கணுமாமே? ஏண்டா கண்ணாடி, ஒன்ன தெனம் துடைக்கிறதே எங்க ஆளுங்கதான்டா!"

ஜெரால்டு அவசரமாகக் கிட்டாரை இழுத்துக் கதவைத் திறந்தார்.

ஒலிப்பதிவு அறையில் கன்னியம்மாவுக்கு முதலில் பேச்சு வரவில்லை. எதிரில் ஆள் இல்லாமல் அவள் பேசியதே கிடையாது. வெண்மணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. காலையில் சாப்பிடாமல் ஓடுகிற மகளைப் பற்றித் தொடங்கி, கையுறை கொடுக்காத மேஸ்திரியைத் திட்டி, மேஸ்திரியிலிருந்து காண்டிராக்டருக்குத் தாவி, கோஷத்தில் போய் நின்றாள். நடுவில் ரோசி சாக்கடை மூடி என்று நினைத்து யாரோ மேலதிகாரியின் கார் டயரைத் தூக்கப் பார்த்த கதையைச் சொல்லி அவளே சிரித்தாள்.

ஜெரால்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெண்மணி, இங்க வா. மெதுவாப் பேசறப்போ பாரு, டேப் சாச்சுரேஷன். திட்டறப்போ ஓவர்டிரைவ். கோஷம் போட்டாங்க பாரு, அச்சு அசல் ஃபஸ், சதுரம். சிரிப்பு படிக்கட்டா வருது. எங்கிட்ட பதினாறு பெடல் இருக்கு. மிதிச்சு மிதிச்சு கால் தேஞ்சு போச்சு. இந்தம்மா கழுத்துக்குள்ளயே எல்லாத்தையும் வெச்சிருக்காங்க!"

படிவத்தில் கருவியின் பேர் ‘கன்னியம்மா’ என்று தட்டியதும், ஒலி எப்படி உண்டாகிறது என்ற கட்டம் வந்தது. வெண்மணி அம்மாவையே கேட்டாள்.

"இருவத்தேழு வருசம் தெருவுல நின்னு கத்தினது. மார்கழிப் பனி. பிளீச்சிங் பவுடரு நெடி. அப்புறம் டீ. டீய வுட்டுடாத."

அப்படியே தட்டினாள். அடுத்த கட்டத்தில் அவள் விரல் நின்றது. ‘இந்த உடைசல் நோக்கத்தோடு செய்யப்பட்டதா?’ அங்கே பொய் எழுத அவளுக்கு மனசு வரவில்லை. அம்மாவின் தொண்டை யாருடைய நோக்கம்? வேலை கெடுத்தது, பனி கெடுத்தது.

"அம்மா, இது வேணும்னே வந்ததா, தானா வந்ததா?"

கன்னியம்மா அவளை வினோதமாகப் பார்த்தாள். "தானா எங்க வந்துச்சு? பத்து வருசத்துக்கு மின்னாடியே டாக்டரு சொன்னாரு, இனிமே கத்தினீன்னா தொண்ட போயிடும், வாய மூடிக்கினு வீட்ல குந்துன்னு. நாலு நாளு குந்திப் பாத்தேன். அஞ்சாம் நாளு ரெண்டு பேர வேலைய வுட்டுத் தூக்கிட்டானுங்க. போய்க் கத்தினேன். தெரிஞ்சிதான் கத்தினேன்."

வெண்மணி ‘ஆம்’ என்ற கட்டத்தைத் தொட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டதை ஜெரால்டு பார்க்காத மாதிரி கிட்டாருக்குச் சுருதி கூட்டினார்.

மத்தியானம் பத்ரி கேட்க உட்கார்ந்தார். கண்ணாடி அறை, கறுப்பு ஹெட்போன், நிமிர்ந்த முதுகு. ஒவ்வொரு துண்டுக்கும் அரை வினாடிதான் யோசிப்பார். நூறு போயிற்று. நூற்று முப்பது போயிற்று. நூற்று முப்பத்தொன்றில் கை நின்றது. திருப்பிப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் தரம் போட்டார். மெல்லத் தலை ஆடியது. அப்புறம் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு அடுத்த துண்டுக்குப் போனார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் முதல் கேள்வி அதுதான். "நூத்தி முப்பத்தொண்ணு யாரு கொண்டு வந்தது? வால்வு ஆம்ப்தானே? அந்தச் சூடு இருக்கே, இப்போ எவனும் பண்றதில்லை. இங்கிலீஷ் மேக்கா?"

"வியாசர்பாடி மேக் சார்" என்றாள் வெண்மணி.

"வியாசர்பாடியிலயா? அங்க யாரு பண்றா?"

"ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு. அதோ, அங்க டீ குடிச்சிக்கிட்டு இருக்கு."

கன்னியம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, "வணக்கம் சார்" என்றாள்.

பத்ரியின் முகத்தில் நாலைந்து நிறம் மாறியது. வெண்மணி சண்டைக்கு வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தாள்: உடைஞ்ச ஆம்புக்கு இடம் உண்டு, எங்கம்மாவுக்குக் கிடையாதா, நீங்க போட்ட விதிதானே, திருத்த முடியாதுன்னு. ஒன்றும் செலவாகவில்லை. அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அம்மா, இன்னொரு தரம் பேசுங்கோ."

"இன்னா பேசணும் சார்?"

"போதும், போதும்." அவர் சிரித்துவிட்டார். "என் காது மூணு தரம் கேட்டுச் சொன்னது. இனிமே நான் இல்லைன்னா, காது பொய்யா, நான் பொய்யா?"

ஞாயிற்றுக்கிழமை மைதானம் பிதுங்கியது. முதலில் தனசேகர். "அன்பார்ந்த தொழிலாளர் சொந்தங்களே" என்று ஆரம்பித்தான். சுத்தமான குரல். சில்லு அதைத் தொடவே இல்லை. மூன்றாவது நிமிஷம் பின்வரிசையில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். "தரைத் தளம் வந்துடுச்சு, எறங்கலாமா?" என்று ரோசி கேட்டாள். லிஃப்ட் மாதிரி. சிரிப்பு பரவி அடங்குவதற்குள் அவன் பத்து நிமிஷமும் முடிந்தது.

கன்னியம்மா மைக்கை வாங்கினாள். "தோழர்களே."

ஒன்றுமில்லை. வெண்மணி கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு வினாடி. சில்லு பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் மைதானமே எழுந்து நின்றது. ‘ழர்ர்ர்களே’ என்ற ஒலி நாலு கம்பத்திலிருந்தும் பாய்ந்து, அடிவயிற்றில் இடித்து, எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மேடைக்கு மேலே சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் பட்டப் பகலில் சுழன்றன.

"ஐயோ!" என்று ஜெரால்டு தலையில் கை வைத்தார். "பதிவேட்டுல இருந்தா அது இசைம்மா! கச்சேரி மோடுக்குப் போயிடுச்சு. தொண்ணூத்தஞ்சு டெசிபல், வயித்துல இடிக்கிற பேஸ், லைட்டு, எல்லாம் தானா வரும். இதை நாம யோசிக்கவே இல்ல!"

கன்னியம்மா மேலே ஒரு தரம் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னாப்பா, நமக்கு லைட்டெல்லாம் போட்டுக்கீறாங்க! அப்ப நின்னு பேசுவோம்!"

விசில் காதைக் கிழித்தது. தனசேகர் காவலுக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டரிடம் ஓடினான். "சார், இது கூட்டமா கச்சேரியா? சட்டப்படி நிறுத்துங்க!" அவர் கம்பத்தில் இருந்த மீட்டரைப் போய்ப் பார்த்தார். ‘பதிவு பெற்ற கருவி. அனுமதி உண்டு’ என்றிருந்தது. "சட்டப்படிதான் இருக்குது. கச்சேரி நடக்கறப்போ குறுக்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

பத்து நிமிஷம். வேலை நிரந்தரம், கையுறை, காய்ச்சலோடு தெரு கூட்டிய நாள், அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் யார் யார் வீட்டில் அடுப்பு அணையும் என்று பேர் பேராக. அவள் மெதுவாகப் பேசியபோது மூவாயிரம் பேர் காதோடு காதாகக் கேட்டார்கள். கோபப்பட்டபோது தரை அதிர்ந்தது. கடைசி கோஷத்தில் ஃபஸ் சதுரம் சதுரமாக வெடித்தது. கன்னியம்மாவுக்குக் கை தூக்கச் சொன்னபோது தனசேகரின் பக்கத்தில் நின்றவனே ஒரு கையைத் தூக்கிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, தலையைச் சொறிகிற மாதிரி நடித்தான்.

எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை.

அப்புறம் ஒரு மணி நேரம் அங்கே நடந்ததற்குக் கூட்டம் என்று பேர் சொல்ல முடியாது. கன்னியம்மா ஒவ்வொரு தெருவின் பேரையும் மைக்கில் சொல்லச் சொல்ல, அந்தத் தெருக்காரர்கள் ஆடினார்கள். ஜெரால்டு கிட்டாரோடு மேடை ஏறிவிட்டார். வெண்மணி ரோசியின் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மூன்று வருஷமாக மடித்து வைத்திருந்ததையெல்லாம் உதறிப் போட்டுக் கத்தினாள். சட்டம், சில்லு, பயிற்சிக்கார அம்மாள், எண் பதினாலு, எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினாள்.

திங்கட்கிழமை எழுந்தபோது வெண்மணிக்குத் தொண்டை போயிருந்தது. வெந்நீர் குடித்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. பஸ் நிலையத்தில், புது ஒலிபெருக்கி வந்ததிலிருந்து வாயடைத்துப் போயிருந்த டைம்கீப்பரின் கட்டைக் குரல், "நாப்பத்தெட்டு எடுப்பா, எடு எடு" என்று கணீரென்று கேட்டது. மேலே ஒரு பச்சை விளக்கு சுழன்றது. கூட்டம் அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. அம்மாவின் குரலுக்குத் திறந்த கதவில், அவள் ஜாடை உள்ள தொண்டைகளெல்லாம் நுழைந்துகொண்டிருந்தன. இதையும் அவர்கள் யோசித்திருக்கவில்லை.

ஆபீஸ் கதவு முன்னால் நின்றாள். பின்னால் பத்ரி, கையில் காபியோடு. மேலிடத்தில் கேள்வி வரும், வரட்டும், பதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தன் பேரைச் சொன்னாள். ‘வெண்’ என்பதற்குள் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். இந்தத் தரம் அடித் தொண்டையிலிருந்து, இஸ்திரி எதுவும் மிச்சமில்லாமல், கரகரவென்று முழுசாக வந்தது.

கதவு ஒரு வினாடி யோசித்தது.

‘கருவி அறியப்பட்டது: கன்னியம்மா. அனுமதி.’

கண்ணாடி விலகியது. உள்ளே வரவேற்பறை விளக்குகள் ஒவ்வொன்றாக நிறம் மாறத் தொடங்கின.